நிலவோரத்தில் சனி

நவம்பர் 8, வெள்ளி

இன்று சந்திரனைப் படம் பிடிக்கப் போய் என் கட்டைவிரலைப் படம் பிடித்தேன்.

டெலஸ்கோப்பின் கண்வில்லைமேல் செல்போனைச் சாய்த்துப் பிடித்தால் படம் விழும் என்று இணையத்தில் போட்டிருந்தார்கள். விழுந்தது செல்போன்தான். நல்லவேளை, மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த வேட்டிமேல் விழுந்தது. மறுபடி முயன்றதில் ஒரு வெள்ளைத் தீற்றல், ஒரு கறுப்பு மூலை, பிறகு அந்தக் கட்டைவிரல்.

எனக்கு நாற்பத்தேழு வயது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் சரக்குப் பத்திரங்கள் பார்க்கிறேன். இரண்டு தங்கைகளையும் கரையேற்றி நிமிர்ந்தபோது என் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆளும் இல்லை, எனக்கும் பழகிப்போயிருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஆறு அங்குலக் கண்ணாடி போட்ட டெலஸ்கோப் ஒன்று வாங்கினேன். மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் நீளக் குழாய், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் சனிக் கிரகம் வளையத்தோடு நிற்பதைப் பார்த்த நாளிலிருந்து மாலையானால் எனக்கு வேறு எங்கும் போகப் பிடிப்பதில்லை.

ஜனவரி நாலாம் தேதி மாலை பிறைச்சந்திரன் சனிக்கு முன்னால் கடந்துபோகும். ஒரு மணி நேரம் சனியை மறைத்து, மறுபக்கம் விடும். எங்கள் ஊரிலிருந்தே தெரியுமாம். அதைப் படம் எடுத்தே தீர வேண்டும். எனக்குச் செல்போன் சரிவராது.

நவம்பர் 9, சனி

எபனேசர் ஸ்டூடியோவுக்குப் போனேன். நடத்துபவர் ஹெப்சிபா. எபனேசர் அவருடைய கணவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் இறந்துபோனார். அதற்கு முன்பு கடையில் பிரிண்ட் மட்டும் போட்டுக்கொண்டிருந்த ஹெப்சிபா, பிறகு கல்யாணம், ஞானஸ்நானம், சடங்கு எல்லாவற்றுக்கும் தானே கேமராவைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார். இதெல்லாம் எங்கள் தேவாலயச் சபையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான் போனபோது பாஸ்போர்ட் படத்துக்கு வந்த கைக்குழந்தை ஒன்று வீறிட்டுக்கொண்டிருந்தது. ஒரு கையால் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே மறு கையால் எடுத்து முடித்தார். பிறகு என்னைப் பார்த்து, “உக்காருங்க ஐசக் சார். பாஸ்போர்ட்டா, ஸ்டாம்ப் சைஸா?” என்றார்.

“சனிக் கிரகம்,” என்றேன்.

விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே வரியில் முடித்தார். “கண்ண வைக்கிற எடத்துல கேமராவ வைக்கணும். அவ்வளவுதான?”

அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

காலை ஆராதனை முடிந்ததும், மாலையில் வருவதாகச் சொன்ன ஹெப்சிபா சொன்னபடியே வந்தார். “மாமாகிட்டச் சொல்லிட்டுத்தான் வாரேன்,” என்பதை மாடிப்படியிலேயே சொல்லிவிட்டார். மாமா என்றால் அவருடைய மாமனார் பாக்கியநாதன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகன் போன பிறகும் இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அவரிடம் எனக்குக் கொஞ்சம் பயம். கோயிலில் பாட்டு இழுவையாகப் போனால் பாடுகிறவர்களைத் திரும்பிப் பார்ப்பார்.

சனியைக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் நிமிர்ந்து, குழாயின் மறுமுனையை எட்டிப் பார்த்தார்.

“உள்ள ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கியளா சார்?”

“இல்லை, நிஜம்தான்.”

மறுபடி குனிந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டேன். “தெரியல. இப்படிக்கூட ஒண்ணு இருக்கா!” என்று திரும்பவும் சிரித்தார். சனியைப் பார்த்துச் சிரித்த ஆளை நான் இதுவரை கண்டதில்லை. நல்ல பழக்கம் என்று தோன்றியது.

பழைய கல்யாண கேமரா ஒன்று சும்மா இருக்கிறதாம், தருகிறேன் என்றார். லென்ஸைக் கழற்றிவிட்டு ஒரு வளையத்தால் டெலஸ்கோப்போடு பொருத்த வேண்டும். வளையத்துக்கு இன்றே ஆர்டர் போட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

வளையம் வந்தது. கேமரா ஒரு கம்பெனி, வளையம் இன்னொரு கம்பெனிக்கானது. தவறு என்னுடையது. திருப்பி அனுப்பினேன். இதைச் சொல்ல ஸ்டூடியோவரைக்கும் நேரில் போக வேண்டியிருந்தது. போனில் சொன்னால் தெளிவாக இருக்காது.

நவம்பர் 20, புதன்

சரியான வளையம். ஒரு திருகில் கேமரா கச்சிதமாக உட்கார்ந்தது. ஹெப்சிபாவும் நானும் சனியைக் குறிவைத்துக் கேமராவின் திரையைப் பார்த்தோம். ஒரு தெருவிளக்கு கரைந்த மாதிரி பெரிய மங்கல் வட்டம். கூர்மை பார்க்கும் குமிழைத் திருகத் திருக வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது, கூர்மையாகப் போகிற நேரத்தில் குமிழ் நின்றுவிட்டது. அதற்குமேல் உள்ளே போகவில்லை.

“இன்னும் கொஞ்சம் உள்ள போனா வந்துரும் சார்.”

“இதற்குமேல் போகாது.”

“போகலையே!” என்று கேமராவையே தள்ளிப் பார்த்தார். மரப்பெட்டி நகர்ந்தது.

படித்துப் பார்த்தேன். கண்ணாடி சேர்த்துத் தரும் வெளிச்சம் குழாய்க்குச் சற்று வெளியேதான் கூடுகிறது. நம் கண்ணுக்கு அது போதும். கேமராவிலோ படம் விழும் தகடு உடம்புக்கு உள்ளே ஆழத்தில் இருக்கிறது. வெளிச்சம் அங்கு எட்டுவதற்குள் கூடி முடிந்துவிடுகிறது. வழி ஒன்றுதான்: அடியில் இருக்கும் பெரிய கண்ணாடியைக் கழற்றி, இரண்டு விரற்கடை மேலே தள்ளிப் பொருத்துவது.

அந்தக் கண்ணாடியை நான் தொட்டது கிடையாது. தூசு பட்டால்கூட மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

நவம்பர் 22, வெள்ளி

அலுவலகத்தில் இன்று ஒரு செய்தி. என்னை விசாகப்பட்டினம் கிளைக்கு மேலாளராகப் போடுகிறார்கள். ஜனவரி ஒன்றாம் தேதி சேர வேண்டும். எல்லோரும் கைகொடுத்தார்கள். மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன்.

இருபது வருஷமாக எதிர்பார்த்தது. ஜனவரி ஆறாம் தேதி சேர்கிறேன் என்று மட்டும் கேட்டு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் சனிக் கிரகம் என்று எழுத முடியாது. குடும்ப விஷயம் என்று எழுதினேன்.

நவம்பர் 24, ஞாயிறு

கழற்றினோம்.

கோயில் முடிந்து ஹெப்சிபா வந்தார். மாற்றல் விஷயத்தைச் சொன்னேன். கைப்பையைக் கீழே வைத்தார். பிறகு, “நல்ல விஷயம் சார். அப்ப அதுக்குள்ள இத முடிக்கணும். ஸ்குரூ டிரைவர் எங்க?” என்றார்.

கூடத்தில் பழைய போர்வையை விரித்துக் குழாயைப் படுக்க வைத்தோம். முதல் திருகில் ஸ்குரூ டிரைவரை வைத்துவிட்டு நின்றேன். அவர் என் கையிலிருந்து வாங்கி மூன்று திருகுகளையும் கழற்றினார். கண்ணாடி வெளியே வந்தபோது இருவர் முகமும் அதில் தெரிந்தது, கன்னமும் மூக்கும் பெரிது பெரிதாக.

“ஆத்தாடி, இந்த மூஞ்ச வச்சுக்கிட்டா மத்தவங்கள போட்டோ எடுத்துக்கிட்டிருக்கேன்!”

வயிறு வலிக்கச் சிரித்தோம். நீளமான போல்ட்டுகள் போட்டு, கண்ணாடியை உயர்த்தி, ஒழுங்காகப் பொருத்தி நிமிர்ந்தபோது சாயங்காலம். மத்தியானச் சாப்பாடு இருவருமே சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கீழே போய் பன் பரோட்டா வாங்கி வந்தேன்.

பிறகு மழை. மூன்று நாளைக்கு வானம் இல்லையாம்.

நவம்பர் 29, வெள்ளி

மழை. ஆறாம் தேதி சேர அனுமதி வந்துவிட்டது.

டிசம்பர் 2, திங்கள்

நாகர்கோவிலிலிருந்து தங்கை ஷீலா போன் செய்தாள். மாற்றலைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன். டெலஸ்கோப் கண்ணாடியைக் கழற்றியதையும் சொன்னேன். ஹெப்சிபா எப்படித் திருகைக் கழற்றினார், போல்ட்டை எங்கே தேடி வாங்கினார், கண்ணாடியில் முகம் பார்த்து என்ன சொன்னார் எல்லாம் சொன்னேன்.

“ஏண்ணே, விசாகப்பட்டினத்தப் பத்தி ரெண்டு வரி சொன்ன. மீதி எல்லாம் ஹெப்சி அக்காதான்.”

“டெலஸ்கோப்பைப் பற்றித்தானே சொன்னேன்.”

“ஆமா ஆமா, டெலஸ்கோப்பு,” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். ஷீலாவுக்குச் சின்ன வயதிலிருந்தே விஞ்ஞானத்தில் ஆர்வம் கிடையாது.

டிசம்பர் 7, சனி

வானம் வெளுத்தது. புதுத் தொல்லை: கேமராவின் எடை தாங்காமல் குழாயின் மேல்முனை மெல்லத் தலை கவிழ்கிறது. சந்திரனை நோக்கித் திருப்பிவைத்தால் எதிர்வீட்டு ஜன்னலில் வந்து நிற்கிறது. அந்த வீட்டு அம்மாள் திரைச்சீலையை இழுத்து மூடினார்.

ஹெப்சிபா சமையலறைக்குள் போய் உப்புப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு துணிப்பையில் போட்டு, குழாயின் அடிமுனையில் கட்டினார். தலை நிமிர்ந்தது. “நம்ம ஊர்ல இதுக்கா பஞ்சம்!” என்றார்.

டிசம்பர் 8, ஞாயிறு

படம் விழுந்தது!

அரைச்சந்திரன். ஹெப்சிபா குமிழைத் திருகினார், மங்கல் சுருங்கியது, சுருங்கி ஓரம் ஒரு கோடாகி, சட்டென்று பள்ளங்களும் மேடுகளும் திரையில் குதித்து நின்றன. வெளிச்சமும் இருளும் சேரும் ஓரத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் தனித்தனி நிழல். “சார்! சார்! சார்!” என்று ஹெப்சிபா என் கையைப் பிடித்து உலுக்கினார். டெலஸ்கோப் ஆடிவிடுமோ என்றுதான் கவலைப்பட்டேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

எங்கள் டெலஸ்கோப் தானாகச் சுழலாது. பூமி சுற்றச் சுற்ற, பார்க்கும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கும். நான் குழாயைப் பொடிப் பொடியாக நகர்த்திக்கொடுக்க வேண்டும். அவர் திரையைப் பார்த்துக் கூர்மையும் வெளிச்சமும் பார்த்து எடுக்க வேண்டும். “இடப்பக்கம் ஒரு மயிரிழ... போதும். மூச்ச விடாதீங்க சார்.” விடவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

ஹெப்சிபா சந்திரனைப் பெரிய அளவில் பிரிண்ட் போட்டுக் கண்ணாடிச் சட்டத்தோடு கொடுத்தார். இன்னொன்றைத் தன் மாமனாருக்குக் கொண்டுபோய்க் காட்டினாராம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இவனுக்கு அம்மை போட்டிருந்திருக்கு போல,” என்றாராம். பிறகு அதைத் தன் கட்டிலுக்கு எதிரே மாட்டச் சொன்னாராம்.

டிசம்பர் 15, ஞாயிறு

இந்த வாரம் முழுக்க மாலைதோறும் ஹெப்சிபா வந்தார். சனியை வீடியோவாக எடுத்து அதிலிருந்து நல்ல படங்களைப் பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் வளையம் தெளிவாகிறது. அதை அவர் கம்ப்யூட்டரில் செய்யும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் ஸ்டூடியோ என் அலுவலகத்துக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. கொஞ்சம் சுற்றிப் போனால்.

பெட்டிகளில் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தேன். இரண்டு பெட்டியோடு நிறுத்திவிட்டேன். மனம் வரவில்லை. மழைக்காலத்தில் புத்தகம் கட்டினால் பூசணம் பிடிக்கும்.

டிசம்பர் 21, சனி

ஹெப்சிபா இன்று மாடிக்கு வரவில்லை. கேட்டருகிலேயே நின்று கேமராப் பையை நீட்டினார்.

“கல்யாண சீசன் சார். இனிமே வர முடியாது. கேமரா உங்ககிட்டயே இருக்கட்டும். நாலாந்தேதி நீங்களே எடுத்துருவிய.”

“தை பிறந்த பிறகுதானே கல்யாண சீசன்?” என்றேன்.

ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பர் 22, ஞாயிறு

தனியாக முயன்றேன். குழாயை நகர்த்தினால் திரையைப் பார்க்க முடியவில்லை. திரையைப் பார்த்தால் சனி ஓடிவிடுகிறது. ஒரு படமும் விழவில்லை. கோயிலிலும் அவர் முன்வரிசையில் இருந்து திரும்பவே இல்லை.

டிசம்பர் 23, திங்கள்

வானம் நன்றாக இருந்தது. மாடிக்குப் போகவில்லை.

டிசம்பர் 25, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஆராதனை முடிந்ததும் ஒரு பிளம் கேக்கையும் கேமராப் பையையும் எடுத்துக்கொண்டு ஹெப்சிபாவின் வீட்டுக்குப் போனேன். கேமரா இல்லாமலே போயிருக்கலாம். திருப்பிக் கொடுக்கிறேன் என்று ஒரு காரணம் வேண்டியிருந்தது. பாக்கியநாதன் ஐயா கதவைத் திறந்தார். ஹெப்சிபா கோயிலில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார், வர நேரமாகும்.

“உள்ள வாரும்வே. உக்காரும்.”

உட்கார்ந்தேன். அவருடைய கட்டிலுக்கு எதிரே எங்கள் சந்திரன்.

“விசாகப்பட்டினத்துக்கு எப்பப் போறீரு?”

“அஞ்சாந்தேதி விமானத்தில்.”

தலையை ஆட்டினார். “அவள மாடிக்கு வரவேண்டாம்னு சொன்னது நான்தான். அவ சொல்லிருக்க மாட்டா.”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. “ஐயா, நாங்கள் வானத்தைத்தான்...”

“அட, எனக்குத் தெரியும்வே! ஊரு பேசுதுன்னா சொன்னேன்? ஊரு கெடக்கு.” கைத்தடியை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் ஊன்றிக்கொண்டார். “எம்மவன் போனப்பெறவு இந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேக்கல. இந்த ஒரு மாசமா கேக்கு. சட்டி கழுவும்போது பாடுதா. எனக்கு அது போதும். ஆனா நீரு போயிருவீரு. அவ பழையபடி உக்காந்துருவா. ஒருதரம் அத நான் பாத்துட்டேன். இன்னொரு தரம் பாக்க என் உடம்புல தெம்பு இல்ல. போற ஆளுன்னா இப்பமே போயிரட்டும்னுதான் சொன்னேன்.”

கேக்கை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். வாய் தானாகத் திறந்தது.

“நான் போகலை ஐயா.”

“என்னது?”

“போகலை. இங்கேயே இருக்கிறேன்.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “இத எப்ப முடிவு பண்ணினீரு?”

“இப்போதுதான்.”

பாக்கியநாதன் ஐயா எழுந்துபோய்க் கத்தியை எடுத்துவந்து, என் மடியிலிருந்த கேக்கை வாங்கி, பெரிய துண்டாக ஒன்று வெட்டி என் கையில் கொடுத்தார். நான் வாங்கியதில் பாதி கீழே விழுந்தது.

ஹெப்சிபா வருவதற்குள் கிளம்பிவிட்டேன். கேமராவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தெருமுனைவரை வந்த பிறகுதான் பை தோளிலேயே தொங்குவது தெரிந்தது.

டிசம்பர் 26, வியாழன்

மேலாளர் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் அதிகாரி இரண்டு முறை படித்தார். “உடம்பு கிடம்பு சரியில்லையா ஐசக்?” என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையில் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

மாலை ஆறரைக்கு மாடிப்படியில் காலடிச் சத்தம். ஹெப்சிபா. மூச்சு வாங்கியது.

“மாமா சொன்னாவ. அம்புட்டுப் பெரிய வேலைய எதுக்கு வேண்டாம்னு எழுதினிய?”

“ஜனவரி நாலாம் தேதி இங்கே ஆள் வேண்டும்.”

“அதுக்குத்தான் ஆறாந்தேதி சேரச் சொல்லிட்டாங்கள்லா?”

“ஐந்தாம் தேதியும் வேண்டும்.”

அவர் மெதுவாக, “ஆறாந்தேதி?” என்றார்.

“ஆறாம் தேதியும்.”

கேமராப் பையைத் திறந்தார். வளையத்தைத் திருகினார். இரண்டு முறை மரை ஏறாமல் வழுக்கியது; அவருக்கு அப்படி ஆகிப் பார்த்ததில்லை. “உப்பு எங்க சார்?” என்றார், திரும்பாமலே. குரல் ஒரு மாதிரி இருந்தது.

எடுத்துக் கொடுத்தேன்.

டிசம்பர் 31, செவ்வாய்

கடலில் காற்றழுத்தத் தாழ்வு. மழை. புத்தாண்டு ஆராதனைக்குக் குடையோடு போனோம். நான் ஒரு குடையில், அவர்கள் இருவரும் ஒரு குடையில்.

ஜனவரி 2, வியாழன்

நாலாம் தேதியும் மேகம் என்கிறார்கள். பாக்கியநாதன் ஐயா தானும் பார்க்க வேண்டும் என்கிறார். முட்டுவலியில் மாடி ஏற மாட்டார். எங்கள் கம்பெனி மூலம் உப்பு ஏற்றுமதி செய்யும் ஒருவரிடம் கேட்டேன். அவருடைய உப்பளத்துக் கரையில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மேற்கே ஒரு மரம்கூட மறைக்காது.

ஜனவரி 4, சனி

லோடு ஆட்டோவில் போனோம். முன்னால் ஓட்டுநரோடு ஐயா. பின்னால் டெலஸ்கோப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான். எதிரே கேமராவை மடியில் வைத்துக்கொண்டு ஹெப்சிபா. ஒவ்வொரு பள்ளத்துக்கும் இருவரும் “மெல்ல, மெல்ல” என்று கத்தினோம்.

உப்பளத்தில் இன்னும் வேலை தொடங்கவில்லை. பாத்திகளில் மழைத் தண்ணீர் நின்றது. சூரியன் இறங்கியதும் தண்ணீர் முழுக்கச் செம்பாகி, பிறகு ஊதாவாகி, கடைசியில் பிறை அதில் விழுந்தது. கரைமேல் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஐயாவை உட்காரவைத்தோம். மஃப்ளர் சுற்றியிருந்தார்.

பொருத்தினோம். வளையம், கேமரா, உப்புப் பை. திரையில் பிறை. அதன் இருண்ட பக்கத்துக்குச் சற்றுத் தள்ளி, கடுகளவில் வளையத்தோடு சனி. முதலில் ஐயாவுக்குக் கண்வில்லை வைத்துக் காட்டிவிட்டுத்தான் கேமராவை மாட்ட வேண்டும் என்று ஹெப்சிபா சொல்ல, மறுபடி கழற்றினோம். ஐயா பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“என்ன தெரிகிறது, ஐயா?” என்றேன்.

“பேசாதிரும்வே,” என்றார்.

மறுபடி பொருத்தியபோது சனி சந்திரனின் ஓரத்தை நெருங்கிவிட்டது. இன்னும் மயிரிழைதான். ஹெப்சிபா மூச்சைப் பிடித்தார். அப்போது தெற்கிலிருந்து ஒரு மேகம் வந்து இரண்டையும் சேர்த்து விழுங்கியது. அது விலகியபோது சந்திரன் மட்டும் இருந்தது.

மறைந்ததை எடுக்க முடியவில்லை. இரண்டு மாதம். குழாயை விட்டுக் கையை எடுத்தேன்.

“வெளிய வரும்லா?” என்றார் ஹெப்சிபா.

“வரும். ஒளிர்கிற பக்கமாக. ஒரு மணி நேரம் ஆகும்.”

“அப்ப இருப்போம். நமக்கு என்ன அவசரம்?”

கரையிலேயே உட்கார்ந்தோம். பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றினார். ஐயா நாற்காலியில் கண்ணை மூடி, தலை சாய்ந்து தூங்கிவிட்டார். தண்ணீரில் தவளைகள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னேன்.

“ஹெப்சிபா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.”

“கேளுங்க.”

“எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.”

“நீங்க கேக்குறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிருதேன்.” அவர் தண்ணீரையே பார்த்தார். “மாமாவ விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன். அவியளுக்கு வேற யாரும் கெடையாது. அவியளுக்காக மட்டும் இல்ல, எனக்கும் அப்படித்தான்.”

“ஐயாவையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.”

ஹெப்சிபா திரும்பி என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது. வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

“எனக்கு முழுச் சம்மதம். ஆனா மாடி வீடு வேண்டாம்வே.”

கண் இன்னும் மூடியே இருந்தது.

“மாமா! தூங்கலையா நீங்க?”

“எங்க தூங்க விட்டிய? இந்த மனுசன் கேக்குறதுக்குள்ள விடிஞ்சிரும்னு பயந்துபோயிட்டேன்.” ஹெப்சிபா எழுந்துபோய் அவருடைய தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் மகளைத் தட்டிக்கொடுப்பதுபோல் முதுகைத் தட்டினார். “எபி இருந்தா அவனே சொல்லிருப்பான்ட்டி,” என்றார்.

நான் என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று கோப்பையிலும் காப்பி ஊற்றினேன். ஏற்கெனவே நிறைந்திருந்த கோப்பையிலும் ஊற்றினேன்.

அப்புறம் ஐயாதான் கத்தினார். “வே! நேரம் என்ன? உம்ம சனி வந்திரப் போவுது!”

ஓடினோம். குழாய் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பினேன். பிறை திரைக்குள் வந்தது. “மேல சார், இன்னும் மேல... நிறுத்துங்க!” ஹெப்சிபா வீடியோவை அழுத்தினார். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

ஒளிவிடும் பிறையின் ஓரத்தில் ஒரு சின்ன மேடு. மேடு நீண்டது. வளையத்தின் ஒரு நுனி. பிறகு, தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்குவதுபோல, உருண்டை. பிறகு மறு நுனி. சந்திரனின் பள்ளங்களுக்குப் பக்கத்தில், தொட்டுக்கொண்டு, முழுச் சனி. நான் நகர்த்திக்கொண்டே இருந்தேன்; அவர் எடுத்துக்கொண்டே இருந்தார். யாரும் மூச்சு விடவில்லை. சனி நிலவை விட்டு நன்றாக விலகிய பிறகு ஐயா கைதட்ட ஆரம்பித்தார். லோடு ஆட்டோக்காரரும் என்ன ஏதென்று தெரியாமல் சேர்ந்து தட்டினார்.

ஜனவரி 5, ஞாயிறு

ஷீலாவுக்குச் சொன்னேன். அழுதாள். “டெலஸ்கோப்புக்கு என் முத்தம்ணே,” என்றாள்.

படம் நன்றாக வந்திருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் ஆடியிருக்கிறது. யார் கை ஆடியது என்று இருவரும் விவாதித்தோம். முடிவு கிடைக்கவில்லை.

ஜனவரி 8, புதன்

ஐயாவைக் கூட்டிக்கொண்டு கீழ்வீடு பார்க்கப் போனோம். முதல் வீட்டில் காற்று இல்லை என்றார். இரண்டாவது வீட்டில் பின்பக்கம் திறந்த முற்றம், மேற்கே தடை இல்லை. “இங்க அந்தக் குழாய வைக்கலாம்லா?” என்று ஹெப்சிபாவைக் கேட்டார். வைக்கலாம் என்றதும் வீட்டுக்காரரிடம் பேச அவரே முன்னால் போய்விட்டார்.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள்.

சபைப் போதகரான ஐயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாக வாசித்தார். என் பெயர், என் அப்பா பெயர். ஹெப்சிபாவின் பெயர், எபனேசரின் விதவை என்பது. சபையில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. விசிறிகள் நின்றன. ஹெப்சிபா பெண்கள் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

“இவர்கள் விவாகத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் யாராவது இருந்தால் தெரிவிக்கலாம்,” என்றார் ஐயர்.

முன்வரிசையில் பாக்கியநாதன் ஐயா கைத்தடியை ஊன்றி எழுந்தார். ஐயரே ஒரு நொடி திகைத்துப் பார்த்தார்.

அவர் மெல்லத் திரும்பி, இந்தப் பக்கம் கடைசி வரிசைவரை ஒருமுறை பார்த்தார். அந்தப் பக்கம் கடைசி வரிசைவரை ஒருமுறை பார்த்தார். ஒருவரும் இருமக்கூட இல்லை. பிறகு ஐயரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.